இருநூறுக்கு நாலு அவுட் குறைவு

இம்முறை ஒரு பேஸ்பால் வீரனைப் பற்றி எழுதப்போகிறேன். "இதென்ன, எங்கட பத்திரிகையில் விளையாட்டுச் செய்தியும் வரத் தொடங்கிவிட்டதோ?" என்று சிலர் சிரிக்கலாம். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். ஒரு கேள்வி என்னைப் பல வருடங்களாகக் குடைந்துகொண்டிருந்தது. அதற்கு விடை தேட எனக்கு உதவியது இந்த மனிதனுடைய வாழ்க்கைதான்.

கேள்வி இதுதான். நீண்ட காலம் உண்மையாய் உழைத்த ஒருவன் முடிவு வேளையில் குறைந்துபோனால், அதுவரை அவன் காட்டிய உண்மைக்கு என்ன பெறுமதி? எல்லாம் வீணா? அல்லது, கடைசிக் குறை ஒரு குறையே அல்ல என்று தட்டிவிடலாமா?

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வந்ததல்ல. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

என் மகன் இடது கைக்காரன். நான் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதும் பிள்ளைக்கு அடிமட்டத்தால் விரலில் அடி விழும். என் மகன் ஸ்காபரோவில் பிறந்தவன். அவன் இடது கையைச் சோற்றுக்குள் வைத்தால் என் அம்மா, "அந்தக் கையை எடடா!" என்று அதட்டுவா. ஆனால் பேஸ்பால் மைதானத்தில் அதே கைக்குத் தனி மதிப்பு. பந்து எறிகிறவரை அங்கே பிட்சர் என்கிறார்கள். இடது கைப் பிட்சர் எறியத் தயாராகி நிற்கும்போது அவர் முகம் முதலாம் பேஸைப் பார்த்திருக்கும். அங்கே நிற்கும் ஓட்டக்காரன் களவாய் அடுத்த பேஸுக்கு ஓடப் பார்த்தால் உடனே கண்ணில் படுவான். வலது கைப் பிட்சருக்கு அந்த ஓட்டக்காரன் முதுகுப் பக்கம். வீட்டில் அதட்டு வாங்கிய கைக்கு வெளியில் இப்படி ஒரு வேலை இருந்தது!

அவன் மூலமாகத்தான் நான் மார்க் பெர்லி என்ற பெயரை அறிந்தேன். பெர்லி இடது கைப் பிட்சர். 2000 முதல் 2011 வரை சிக்காகோ வைட் சாக்ஸ் அணியிலும், 2012-ல் மயாமியிலும், 2013 முதல் 2015 வரை எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணியிலும் விளையாடினார்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் ஒரு அணி மூன்று பேரை அவுட் ஆக்கினால் எறிகிற பக்கத்துக்கு ஒரு இன்னிங்ஸ் முடிந்தது. ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், அதாவது 27 அவுட். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். ஆட்டத்தைத் தொடங்கி எறிகிற பிட்சர் சாதாரணமாய் ஐந்து நாளுக்கு ஒரு தடவை வருவார். அப்படி வருடத்துக்கு முப்பது, முப்பத்திரண்டு தடவை வரலாம். அவ்வளவு தடவையும் தவறாமல் வந்து, வந்த ஒவ்வொரு நாளும் ஆறு இன்னிங்ஸுக்கு மேல் நின்று பிடித்தால்தான் வருட முடிவில் 200 இன்னிங்ஸ் சேரும். 200 இன்னிங்ஸ் என்றால் 600 அவுட். இந்த நாட்களில் ஒரு பருவத்தில் அந்த அளவை எட்டுகிறவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

பெர்லி 2001 முதல் 2014 வரை தொடர்ந்து 14 வருடம் அந்த 200-ஐத் தாண்டினார். ஒரு வருடம்கூடத் தப்பவில்லை. 16 பருவம் விளையாடி, காயப்பட்டோர் பட்டியலில் ஒரு தடவையும் அவர் பெயர் ஏறவில்லை.

அவரைப் பார்த்த எவரும் முதலில் இதை எதிர்பார்க்கவில்லை. மிசூரி மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அணித் தேர்வில் கழித்துவிட்டார்கள். மறுபடியும் முயன்று உள்ளே வந்தார். 1998-ல் அணிகள் இளம் வீரர்களைத் தெரிவு செய்தபோது, 38-ஆம் சுற்றில்தான் அவருடைய பெயர் வந்தது. அவருக்கு முன்பாக ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை எடுத்தாகிவிட்டது. பந்தும் வேகமில்லை. மற்றவர்கள் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் எறிகிற இடத்தில், கடைசி வருடங்களில் அவருடைய வேகப் பந்து 137 கிலோமீற்றரைச் சுற்றித்தான் வந்தது. அடிக்கிறவனை வெல்ல அவருக்கு இருந்ததெல்லாம் குறி, வேக மாற்றம், பின்னால் நிற்கிற களத்தடுப்பாளர்கள் மேல் வைத்த நம்பிக்கை.

இன்னொன்றும் இருந்தது. அவர் நேரத்தை வீணாக்கமாட்டார். பந்து கைக்கு வந்தவுடனே அடுத்ததை எறிவார். 2005 ஏப்ரலில் சியாற்றில் அணிக்கு எதிராக அவர் முழு ஆட்டத்தையும் தனியே எறிந்து 2-1 என்று வென்றபோது, ஆட்டம் தொடங்கி முடிய ஒரு மணித்தியாலமும் 39 நிமிடமும்தான் ஆனது. அந்தக் காலத்தில் ஒரு ஆட்டம் மூன்று மணித்தியாலம் அளவில் போவது வழக்கம்.

என் அம்மா பேரனோடு இருந்து ரீவியில் அவரைப் பார்ப்பா. விளையாட்டு ஒன்றும் விளங்காது. ஆனால் ஒரு நாள் சொன்னா: "இந்தப் பிள்ளை நல்ல பிள்ளையடா. ஒருத்தரையும் காக்க வைக்கிறானில்லை."

அந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள்.

அதே 2005-ல் சிக்காகோ வைட் சாக்ஸ் உலகத் தொடர் இறுதிக்கு வந்தது. இரண்டாவது ஆட்டத்தைப் பெர்லி தொடங்கி எறிந்தார். மூன்றாவது ஆட்டம் ஹூஸ்டனில் 14 இன்னிங்ஸ் வரை இழுபட்டு நள்ளிரவையும் தாண்டியது. பிட்சர்கள் தீர்ந்துபோகிற நிலை. இளைப்பாற வேண்டிய பெர்லி எழுந்து வந்து கடைசி அவுட்டை எடுத்துக் கொடுத்தார். நான்காவது ஆட்டத்தோடு சிக்காகோ கிண்ணத்தை வென்றது. 1917-க்குப் பிறகு, 88 வருடம் காத்திருந்து கிடைத்த வெற்றி!

ஆனால் உலகம் அவரைப் பற்றி அதிகமாய்ப் பேசுவது வேறொரு நாளை வைத்து. 2009 ஜூலை 23. சிக்காகோவில் ரம்பா பே அணிக்கு எதிராக 27 பேர் அடிக்க வந்தார்கள். 27 பேரும் அவுட். ஒருவனும் முதலாம் பேஸைக்கூடத் தொடவில்லை. இதைப் பூரண ஆட்டம் என்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய லீக் வரலாற்றில் அது 18-ஆவது. அன்றைய ஜனாதிபதி ஒபாமா, தானே வைட் சாக்ஸ் ரசிகர், தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார்.

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். ஒன்பதாம் இன்னிங்ஸில் முதல் ஆள் பந்தைத் தூக்கி அடித்தான். அது வேலியைத் தாண்டுகிற பந்து. டுவெயின் வைஸ் என்ற வீரர் அந்த இன்னிங்ஸுக்குத்தான் மாற்று ஆளாகக் களத்துக்குள் அனுப்பப்பட்டிருந்தார். அவர் பின்னோக்கி ஓடி, வேலியில் மோதிப் பாய்ந்து, கை நீட்டிப் பிடித்தார். பந்து கையுறையை விட்டு வழுகியது. விழுவதற்குள் மறுகையால் பொத்திப் பிடித்தார். அந்தப் பிடி தவறியிருந்தால் பூரண ஆட்டம் இல்லை. பெர்லி எறிந்த பந்து அதே பந்துதான். எறிந்த கையும் அதே கைதான். ஆனால் இன்னொருவருடைய கை நீண்டதால் அது "பூரணம்" ஆயிற்று!

இப்போது 2015-க்கு வருவோம். அந்த வருடம் இந்த நகரம் எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1993-க்குப் பிறகு முதல் தடவையாகப் புளூ ஜேஸ் இறுதிச் சுற்றுக்குப் போனது. பெர்லிக்கு வயது 36. தோளும் களைத்திருந்தது. அப்படியிருந்தும் 15 ஆட்டங்களில் வென்றார். பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, அக்டோபர் 2-ஆம் தேதி, ரம்பா பேக்கு எதிராக எறிந்தார். அன்று அவருடைய கணக்கு சரியாக 198 இன்னிங்ஸில் வந்து நின்றது. பதினைந்தாவது தடவை 200 தொட இன்னும் இரண்டே இரண்டு இன்னிங்ஸ். ஆறு அவுட்!

ஒரு நாள் ஓய்வோடு, பருவத்தின் கடைசி ஆட்டத்தையும் தொடங்க அவரையே அனுப்பினார்கள். அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு ரீவிக்கு முன்னால் இருந்தோம். "இரண்டு இன்னிங்ஸ்தானே அப்பா, கண் மூடி முழிக்கிறதுக்குள்ளே எறிஞ்சு போட்டுப் போயிடுவார்" என்றான் மகன்.

நடந்தது என்ன? முதலாம் இன்னிங்ஸிலேயே களத்தடுப்பில் ஒரு பிழை. முடிய வேண்டிய இன்னிங்ஸ் முடியவில்லை. அடி மேல் அடி. எட்டு ஓட்டங்கள் போயின. பேஸ்பால் சட்டப்படி அந்த எட்டில் ஒன்றையும் பிட்சரின் எறிதல் கணக்கில் எழுதவில்லை. எட்டும் பிழையினால் வந்தவை என்று பதிந்தார்கள். ஆனாலும் அவுட் இரண்டுதான் கிடைத்தது. மேலாளர் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். பெர்லி தலையைக் குனிந்து வெளியே போனார்.

198 இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும். இருநூறுக்கு நாலு அவுட் குறைவு.

அதன் பிறகு அவர் பெரிய லீக்கில் ஒரு பந்தும் எறியவில்லை. இறுதிச் சுற்று ஆட்டங்களுக்கான பட்டியலில் அவருடைய பெயர் சேர்க்கப்படவில்லை. அவரும் சத்தம் போடவில்லை. பருவம் முடிந்தது, வீட்டுக்குப் போனார்.

மகன் அழுகிற மாதிரி ஆகிவிட்டான். "பதினாலு வருசம் அப்பா! நாலே நாலு அவுட்!" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் நெஞ்சு வேறு இடத்தில் இருந்தது.

பிரியமானவர்களே, இப்போது என் கதையைச் சொல்லுகிறேன்.

2005-ல் என் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. நான் இரவு வேலைக்காரன். என் மனைவிக்குப் பகலில் வேலை. காலை ஏழு மணிக்கு நான் வீட்டுக்குள் வந்தால் மனைவி வெளியே போவாள். சப்பாத்தைக் கழற்ற முதல் அறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "வந்திட்டியோ ராசா?" முகம் துடைத்து, உடுப்பு மாற்றி, தேத்தண்ணி பருக்கிவிட்டுத்தான் நான் படுப்பேன். பனியிலும் குளிரிலும் ஒன்பது வருடம் அப்படியே போனது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. எத்தனையோ பேர் இதைவிட அதிகம் செய்திருக்கிறீர்கள்.

2014 பெப்ரவரியில் ஒரு காலை. வேலை முடிந்தபோது மேற்பார்வையாளர், "இரண்டு மணித்தியாலம் கூட நிற்பாயா?" என்று கேட்டார். பணம் எனக்கு அவ்வளவு தேவையாய் இருக்கவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், அன்றைக்கு எனக்கு வீட்டுக்குப் போக மனமில்லை. களைத்துப்போயிருந்தேன். உடம்பு மாத்திரமல்ல, மனமும் களைத்திருந்தது. இரண்டு மணித்தியாலம் அந்த அறைக்குள் போகாமல் இருக்கலாம் என்று நினைத்தே "ஓம்" என்றேன்.

ஒன்பது மணிக்கு வந்தேன். அம்மா போய்விட்டா. மனைவி வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தாள். "அவன் இன்னும் வரேல்லையோ" என்று இரண்டு தரம் கேட்டாவாம்.

ஒருத்தரையும் காக்க வைக்காத பிள்ளையை மெச்சிய அம்மாவை நான் காக்க வைத்தேன்.

அதன் பிறகு எத்தனை பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்! "ஒன்பது வருசம் பாத்தனீங்கள்தானே, அந்த இரண்டு மணித்தியாலத்தை விடுங்கோ" என்று மனைவி சொன்னாள். என்னால் விட முடியவில்லை. என் மனம் அதற்கு எதிர்ப்பக்கம் போய், "கடைசி நாள் தவறியவனுக்கு முந்தின நாட்கள் எதற்கு? எல்லாம் பூச்சியம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒன்றரை வருடம் கிடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு மகன் கம்ப்யூட்டரில் பெர்லியின் கணக்கை எடுத்துக் காட்டினான். வருடா வருடம் வரிசையாய் இருந்தது. 2001, 2002, 2003 என்று எல்லாம் இருநூறுக்கு மேலே. கடைசி வரியில் 2015. அதில் 198 இன்னிங்ஸும் மூன்றில் இரண்டும் என்று எழுதியிருந்தது.

சிந்தித்துப் பாருங்கள். கணக்கு எழுதியவர் இரக்கப்பட்டு அதை 200 என்று உயர்த்தி எழுதவில்லை. கோபப்பட்டு முந்தின பதினாலு வரியை அழிக்கவும் இல்லை. நடந்தது நடந்தபடி நிற்கிறது. பதினாலு வருடமும் நிற்கிறது, நாலு அவுட் குறைந்ததும் நிற்கிறது. ஒன்று மற்றதைத் தின்னவில்லை!

எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் என் கணக்கை உயர்த்தி எழுதினார்கள். நானோ முழு ஏட்டையும் கிழித்தேன். இரண்டும் பொய்க் கணக்கு.

ஒருவர் இங்கே குறுக்கே கேட்கலாம்: "சகோதரா, உன் கதையும் அந்தக் கதையும் ஒன்றா? அவர் எறியத்தான் வந்தார். அவருக்கு அமையவில்லை. நீ போகாமல் நின்றாய்." நியாயமான கேள்வி. இதை நானே என்னிடம் பல தடவை கேட்டேன். ஒன்றல்ல என்பதே என் பதில். அவருடைய குறை ஒரு குறைவு மாத்திரம். என்னுடையது ஒரு தவறு. குறைவுக்கு மனம் வருந்தலாம். தவறை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் ஒத்துக்கொண்டேன். முதலில் மனைவியிடம், பிறகு என் தங்கச்சியிடம், இப்போது உங்களிடம். "வேலை இருந்தது" என்று அவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். வேலை இருக்கவில்லை. நான்தான் நின்றேன்.

ஆனால் தவறை ஒத்துக்கொள்வது ஒன்று, ஒன்பது வருடத்தை மறுதலிப்பது வேறு. அந்த ஒன்பது வருடமும் நான் பருக்கிய தேத்தண்ணியை என் அம்மா குடித்தது உண்மை. என் காலடிச் சத்தம் கேட்டு அவவின் முகம் மலர்ந்தது உண்மை. அதை இல்லையென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஏனென்றால் அது என்னுடைய புகழ் மாத்திரமல்ல, அவ வாழ்ந்த வாழ்வும்கூட.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2009-ல் இன்னொருவருடைய கை நீண்டது; பூரண ஆட்டம் கிடைத்தது. 2015-ல் களத்தடுப்பு தவறியது, இருநூறு கிடைக்கவில்லை. இந்த இரண்டு நாளிலும் பெர்லி செய்தது ஒரே வேலைதான். தன்னுடைய முறை வந்தபோது எழுந்து போய்ப் பந்தை வாங்கினார். நம்பத்தகுந்தவன் என்பதற்கு அர்த்தம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். முடிவில் எந்த எண் நிற்கும் என்பது பல கைகளில் இருக்கிறது. முறை வரும்போது வந்து நிற்பது நம் கையில் இருக்கிறது. அதில்தான் நாம் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள். அதில்தான் நான் ஒரு காலை தவறினேன். அதில்தான் ஒன்பது வருடம் நின்றேன்.

பெர்லி மொத்தமாக 214 ஆட்டங்களில் வென்றார், 160-ல் தோற்றார். 2017-ல் சிக்காகோ அணி அவருடைய 56-ஆம் இலக்கச் சட்டையை இனி வேறு எவரும் போடக்கூடாது என்று ஓய்வு கொடுத்தது. 2025-ல் அவருக்கு மைதானத்தில் சிலையும் வைத்தது. ஆனால் பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்கு 2021-ல் முதல் தடவை அவர் பெயர் போனபோது, 75 வீத வாக்குத் தேவையான இடத்தில் 11 வீதம்தான் விழுந்தது. உலகம் மின்னலைப் பார்க்கும் அளவுக்கு விளக்கைப் பார்ப்பதில்லை. ஐந்தாம் நாள்தோறும் தவறாமல் வருகிறவனை, அவன் வராமல் போகிற நாளில்தான் எல்லாரும் தேடுவார்கள்.

அருமையான சகோதரனே, சகோதரியே! நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா? வருடக்கணக்காய் ஒரே வேலையை ஒருவரும் மெச்சாமல் செய்துகொண்டிருக்கிறாயா? அல்லது என்னைப் போலக் கடைசியில் ஒரு நாள் தவறிவிட்டு, இரவில் நித்திரையில்லாமல் கிடக்கிறாயா? உன் கணக்கை உயர்த்தி எழுதாதே. ஏட்டைக் கிழிக்கவும் கிழிக்காதே. உள்ளபடி எழுது. தவறினதை உரியவரிடம் வாய்விட்டுச் சொல். பிறகு நாளைக்கு உன் முறை வரும்போது எழுந்து போ.

என் மனைவியின் தாயார் இப்போது எங்களோடு இருக்கிறா. கண் பார்வை குறைவு. காலையில் நான் அறைக்குள் போனால், "ஆரது, தம்பியோ?" என்று கேட்பா.

"ஓம் மாமி, நான்தான். வந்திட்டன்" என்பேன்.